ஆடாமல் நின்ற பச்சைக் கோடு

எங்கள் ஊரில் அம்மனுக்குக் கண்ணாடி காட்டும் நேரத்தில் யாரும் கண் சிமிட்டக் கூடாது. ஆடி மாதம் கடைசி வெள்ளி, பொழுது சாய்ந்து இருட்டுகிற நேரம், அலங்காரம் முடிந்து அம்மன் வண்டியில் ஏறுவதற்கு முன்னால், பூசாரி ஒரு வட்டக் கண்ணாடியை எடுத்து அம்மன் முகத்துக்கு நேராகப் பிடிப்பார். அம்மா தன் அலங்காரத்தைத் தானே பார்த்துக்கொள்கிறாள் என்று அதற்கு அர்த்தம். பிறகு அந்தக் கண்ணாடியைச் சனங்கள் பக்கம் திருப்புவார். அம்மா பார்த்த கண்ணாடியை நாமும் பார்க்கிறோம். அது நம் பக்கம் நிற்கிற கொஞ்ச நேரமும் கண்ணை அகலத் திறந்து வைத்திருக்க வேண்டும். சிமிட்டினால் அந்த வருஷத்துக்கு அம்மா பார்வை கிடைக்காது என்பார்கள். கைக்குழந்தையின் இமையை விரலால் தூக்கிப் பிடிக்கிற தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன். என் அம்மாவும் எனக்கு அப்படிச் செய்தவள்தான்.

நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற ரோட்டை விட்டு உள்ளே தள்ளி எங்கள் ஊர். சொந்த நிலத்தில் நெல்லும், மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போடுகிறேன். என் வீட்டுக்காரி ரவிக்கை தைப்பாள். சின்ன வயதில் வேலி முள் குத்தி அவளுக்கு இடது கண் போய்விட்டது. வெளிச்சம் தெரியும், நிழல் தெரியும், அவ்வளவுதான். ஊசி, நூல், கொக்கி, காஜா எல்லாமே வலது கண்ணை வைத்துத்தான். ஒற்றைக் கண்ணில் இத்தனை நேராகத் தைக்கிறாளே என்று அளவு கொடுக்க வருகிற பெண்கள் எல்லாரும் சொல்வார்கள்.

போன வருஷத்துக்கு முந்தின மழைக்காலத்தில் எங்கள் ஒரே மகளுக்கு டெங்கு வந்தது. விழுப்புரம் ஆஸ்பத்திரியில் போட்டிருந்தோம். ரத்தத்தில் ஏதோ இறங்கிக்கொண்டே போகிறது என்று தினமும் சொன்னார்கள். அந்த வராந்தாவில் நின்றுதான் வேண்டிக்கொண்டேன். அம்மா, இவளைத் திருப்பிக் கொடுத்துவிடு, வருகிற ஆடிக்கு உன் ஊர்வலத்துக்கு லைட்டு என்னுடையது. எங்கள் ஊரில் ஒரு வீடு பூ, ஒரு வீடு மேளம், ஒரு வீடு வாணவேடிக்கை என்று ஆளுக்கு ஒன்றாக உபயம் எடுத்துக்கொள்வோம். மகள் பிழைத்து வந்தாள். லைட்டு என் பொறுப்பானது.

முன்பெல்லாம் சீரியல் பல்பு செட்டு போதும். பக்கத்து ஊரில் லேசர் விட்டார்கள். ஏரிக்கரையில் நின்று பார்த்தால் வானத்தில் பச்சைக் கோடுகள் விசிறி மாதிரி விரிந்தன. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தாங்கவில்லை. "நம்ம அம்மா மட்டும் இன்னா முக்காடு போட்டுக்கினா வருவா?" என்று என்னிடமே கேட்டார்கள். எனக்கும் ஆசைதான். பிழைத்து வந்த மகளை நினைத்தால் எதுவும் பெரிதாகத் தெரியவில்லை. விழுப்புரத்தில் ஒலி, ஒளி வாடகைக்கு விடுகிற ஒருவரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

அவர் மூன்று மணிக்கே வந்துவிட்டார். என் வயதுதான் இருக்கும். கோயிலுக்கு எதிரே, சனங்கள் நிற்கிற இடத்துக்குப் பின்னால் இரும்பு ஸ்டாண்டை நிறுத்தி அதன்மேல் பெட்டியை வைத்தார். பொழுது மங்கினதும் போட்டுக் காட்டினார். பச்சைக் கோடுகள் எங்கள் தலைக்கு மேலே போய்க் கோபுரத்தில் பட்டுக் குதித்தன. பிள்ளைகள் விசில் அடித்தார்கள். எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. பார்க்கப் பார்க்க மனசு ஒப்பவில்லை. கற்பூரம் காட்டுகிற நேரத்தில் வெளிச்சம் இப்படிக் கூத்தாடினால் அது அம்மாவுக்கு மரியாதையா?

அவரிடம் போய்ச் சொன்னேன்.

"கண்ணாடி காட்டற நேரத்துக்கு மட்டும் இந்த ஆட்டத்த நிறுத்திடுங்க. ஒரே கோடா, அம்மா முகத்துல போய் நிக்கணும்."

"நிறுத்தக் கூடாதுண்ணே. ஆடிக்கினே இருந்தாதான் இது லைட்டு. ஒரே எடத்துல நின்னா சுடும்."

"லைட்டு எங்கனா சுடுமாப்பா?" என்றேன். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குத் தைரியம் கொடுத்தது. "சூடம் சுடும், வெளக்கு சுடும். அம்மா மேல படற வெளிச்சம் யாரைச் சுடும்?"

"அம்மாவ ஒண்ணும் பண்ணாதுண்ணே, அது வெங்கலம். மனுசங்க கண்ணுக்குதான் ஆவாது. அதான் தலைக்கு மேல வெச்சிருக்கேன்."

"அம்மா ஒசரத்துலதானே நிக்கறா? யார் கண்ணுல படப் போவுது? வைங்க சொல்றேன்."

அவர் பின்கழுத்தைச் சொறிந்தார். "உங்க உபயம்ணே. நீங்க சொல்றீங்க" என்றார். பெட்டி இன்னும் கொஞ்சம் தாழ வேண்டியிருந்தது. ஸ்டாண்டின் பின்காலுக்கு அடியில் செங்கல் வைத்தால் முன்பக்கம் இறங்கும். அந்தச் செங்கல்லை மடப்பள்ளிச் சுவர் ஓரத்திலிருந்து எடுத்து வந்து நானே வைத்தேன். இதை எழுதுவதற்காகத்தான் மற்றதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றுகிறது.

கோடு சனங்கள் தலைக்கு மேலே வந்து அம்மன் நெற்றியில் நின்றது. மூக்குத்தி பச்சையாக எரிந்தது. பூசாரி கண்ணாடியை அம்மாவுக்குக் காட்டினார். பிறகு எங்கள் பக்கம் திருப்பினார். கண்ணாடி என்ன செய்யும் என்று நான் யோசிக்கவில்லை. அந்த இடத்தில் யாருமே யோசிக்கவில்லை.

முதல் வரிசையில் என் வீட்டுக்காரி நின்றிருந்தாள். அவள் பக்கத்தில் அவளுடைய தம்பி, கேமராவோடு. திண்டிவனத்தில் கல்யாண வீடியோ எடுக்கிறவன். திருப்பின கண்ணாடியிலிருந்து பச்சை ஒன்று பளீரென்று கிளம்பி முன்வரிசையில் விழுந்தது. "அம்மா!" என்று கூட்டமே கத்தியது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நான் கைகூப்பி அழுதேன். என் உபயத்தை அம்மா ஏற்றுக்கொண்டாள் என்று நினைத்தேன்.

ஊர்வலம் கிளம்பினதும் அவள் என்னிடம் வந்தாள். முகமெல்லாம் கண்ணீர்.

"ஏங்க, அம்மா முகத்துலேந்து பச்சையா ஒரு ஒளி வந்து என் கண்ணுக்குள்ள பூந்துச்சிங்க. நான் சிமிட்டவே இல்ல."

"நீ குடுத்து வெச்சவ" என்றேன்.

மறுநாள் காலையில் அவளால் ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை. ஊசியின் ஓரம் தெரிகிறது, நுனி தெரிகிறது, காதைப் பார்த்தால் காது இருக்கிற இடத்தில் சாம்பல் பூசினாற்போல் ஒரு வட்டம். வலி இல்லை, எரிச்சல் இல்லை, நீர் வடியவில்லை. சுவரில் மாட்டியிருந்த காலண்டர் அம்மனைப் பார்த்துவிட்டு, "கிரீடம் தெரியுது, கை தெரியுது, முகத்துல மட்டும் புகை மாதிரி நிக்குது. மூக்குத்தியக் காணோம்" என்றாள். பயந்த குரலில் சொல்லவில்லை. அதிசயத்தைச் சொல்கிற மாதிரி சொன்னாள். "அம்மா பார்த்த தடம் இது. மூணு வெள்ளி போனா தானா போயிடும்."

நானும் ஆமாம் என்றேன். சேதி தெருவில் பரவியது. எதிர்வீட்டுக்காரி தன் மகளை இழுத்துக்கொண்டு வந்து, "உன் கையால இவளுக்குத் துந்நூறு வையிடி. பரீட்சையில கோட்டை வுட்டுக்கினே இருக்குறா" என்றாள். என் வீட்டுக்காரி சிரித்துக்கொண்டே வைத்தாள். திருநீறு நெற்றியில் படாமல் புருவத்தில் விழுந்ததை நான் பார்த்தேன். பார்த்தும் பேசாமல் இருந்தேன்.

பத்து நாள் போனது. தைக்க வந்த துணிகள் மிஷின் மேல் குவிந்தன. பத்தாம் நாள் அவளுடைய தம்பி வந்தான். செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை.

"மாமா, அந்த லைட்டுக்காரன் நெம்பர் குடு. என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டான்."

தோள்பையிலிருந்த கேமராவை எடுத்துத் திறந்து சின்னத் திரையைக் காட்டினான். எங்கள் ஊர்த் திருவிழா முடிந்து, ஆவணி பிறந்த முதல் முகூர்த்தத்தில் விழுப்புரத்தில் ஒரு கல்யாணம் எடுத்திருக்கிறான். தாலி கட்டுகிற படம். பெண்ணின் கன்னத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. அந்தப் புள்ளியிலிருந்து மேலும் கீழும் மயிர் மாதிரி ஒரு கோடு. அடுத்த படத்தில் மாப்பிள்ளையின் அப்பா நெற்றியில் அதே புள்ளி. அடுத்ததில் பந்தல் வாழைக்குலையில். எதை எடுத்தாலும் அதே இடம்.

"துடைச்சிப் பாத்தேன், லென்ஸ மாத்திப் பாத்தேன். பாண்டியில சர்வீசுல காட்டினா, சென்சார் வெந்துபோச்சுங்கறான். லேசர் நேரா பூந்திருக்குதாம். நாம எப்பிடிக் கண்ணால பாக்கறமோ அது மாதிரி கேமரா சென்சாராலதான் பாக்குது. அதுல ஒரு எடம் செத்தா செத்ததுதான்னுட்டான்."

பிறகு திருவிழா வீடியோவைப் போட்டான். கண்ணாடி திரும்புகிறது. திரை முழுக்கப் பச்சை. அது விலகினபோது அம்மன் திரும்பத் தெரிந்தாள். அவள் கழுத்தின் மேல் அந்த வெள்ளைப் புள்ளி புதிதாக இருந்தது. அதற்கு முந்தின நொடி வரைக்கும் அது இல்லை.

"நீ எப்பிடிடா தப்பிச்ச?" என்று மகள் கேட்டாள். தாய்மாமனை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"நான் திரையப் பாத்துக்கினு இருந்தேன். நேரா பாக்கல. கேமரா வாங்கிக்கிச்சி."

என் வீட்டுக்காரி தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோனாள். தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தாள்.

"தம்பி, எனக்கும் இதேதான்டா. உன்னுது வெள்ளையா இருக்குது. என்னுது சாம்பலா இருக்குது."

அவன் அக்காவையே பார்த்தான். பிறகு போனை எடுத்து லைட்டுக்காரருக்குப் போட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் வைத்தான்.

"யோவ், நீயெல்லாம் மனுசனாய்யா? எங்கக்கா கண்ணப் புடுங்கிட்டியேய்யா! ஆளுங்க நிக்கற எடத்துல இறக்கி வெச்சி ஒரே எடத்துல நிறுத்தறியே, உனக்குத் தொழில் தெரியுமா தெரியாதா?"

லைட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார். "ஐயோ, கண்ணா? கண்ணுல பட்டுட்டுதா? நான் வேணாம்னுதான் சொன்னேன் தம்பி. சுடும்னுகூடச் சொன்னேன். நிறுத்தச் சொன்னது உங்க மாமாதான். அவரையே கேளுங்க."

மச்சான் என்னைப் பார்த்தான். மகள் பார்த்தாள். என் வீட்டுக்காரியும் என் பக்கம் திரும்பினாள். நேராகப் பார்த்தாள். நல்ல வேளை, என் முகம் இவளுக்குத் தெரியாது என்று ஒரு நொடி எனக்குத் தோன்றியது. எத்தனையோ பாவம் செய்திருப்பேன், தெரிந்தும் தெரியாமலும். அந்த ஒரு நொடி நினைப்புக்கு மட்டும் இன்றைக்கு வரைக்கும் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.

அவள் தம்பி பக்கம் திரும்பினாள். "பாண்டிக்கு முதல் பஸ்ஸு எத்தினி மணிக்குடா?" என்று கேட்டாள்.

பாண்டியில் கண் ஆஸ்பத்திரி. சொட்டு மருந்து விட்டு, இருட்டு அறையில் உட்காரவைத்து, கண்ணுக்குள் படம் எடுத்தார்கள். டாக்டரம்மா அந்தப் படத்தைத் திரையில் காட்டினார். ஆரஞ்சுப் பழத்தின் உட்புறம் மாதிரி இருந்தது. நட்டநடுவில் ஒரு தழும்பு, கடுகு அளவு.

"ஏம்மா, உடனே வரலை?"

"வலிக்கலைங்க."

"வலிக்காதும்மா. கண்ணோட பின்சுவர்ல வலி தெரியற நரம்பே கிடையாது. வெந்தாலும் தெரியாது. பூதக் கண்ணாடியை வெயில்ல பிடிச்சா காகிதம் எரியுது இல்ல? நம்ம கண்ணுக்கு முன்னாடி இருக்கற லென்ஸும் அதே வேலைதான் செய்யும். லேசர் வெளிச்சம் விளக்கு மாதிரி பரவாது, எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கோடாப் போகும். அதைக் கொண்டுபோய் ஒரே புள்ளியில குவிச்சிடும். நீங்க எதை உத்துப் பாக்கறீங்களோ, அதைப் பாக்கற இடத்துலயே குவிச்சிடும்."

"நான் சிமிட்டாம பாத்தேங்க" என்றாள் அவள். பள்ளிக்கூடத்தில் தப்பை ஒத்துக்கொள்கிற பிள்ளை மாதிரி.

டாக்டரம்மா படத்தைத் திரும்பப் பார்த்தார். "சிமிட்டியிருந்தாலும் அதுக்குள்ள பட்டிருக்கும். ஆனா இவ்வளவு ஆழமாப் பட்டிருக்காது" என்றார். "கண்ணாடியில பட்டு வந்தா வேகம் குறைஞ்சிருக்கும்னு எல்லாரும் நினைக்கிறாங்க. குறையாது. யாரு இதை இப்படி நேரா வெச்சது?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் என் வீட்டுக்காரி, "வேண்டுதலுங்க" என்றாள்.

மாத்திரை கொடுத்தார். வீக்கம் வடிந்தால் கொஞ்சம் தெளியலாம், தழும்பு போகாது என்றார். "இன்னொரு கண்ணை நம்பித்தான்" என்று சொல்லிக்கொண்டே இடது கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தவர் அதோடு நிறுத்திவிட்டார்.

திண்டிவனம் பஸ்ஸில் திரும்பினோம். அவள் ஜன்னல் ஓரம். பஸ் ஸ்டாண்டுக்குள் நுழையும்போது நான் சொன்னேன்.

"செங்கல்ல வெச்சதும் நான்தான்."

"தெரியும். பூ கூடைய எடுத்துக்கினு அந்தப் பக்கமாதான் வந்தேன்." பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு சொன்னாள். "அம்மா முகத்துல வெளிச்சம் நிக்கணும்னு எனக்கும் ஆசையாதான் இருந்துச்சி. அந்தாளு சொன்னது எனக்கும் காதுல வுழுந்துச்சி. நானும்தான் சிரிச்சேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் விளக்கேற்றிவிட்டுக் காலண்டர் அம்மனுக்கு முன்னால் நிற்பாள். நான் பின்னால் நிற்பேன்.

"இன்னிக்கி?"

"கிரீடம் தெரியுது. பொட்டுல பாதி தெரியுது."

"மூக்குத்தி?"

"ம்ஹூம்."

பொட்டு வரைக்கும் வந்தது. அதோடு நின்றுவிட்டது. வீக்கம் வடிய வேண்டியது வடிந்துவிட்டது என்று பாண்டியில் சொன்னார்கள். மகள் காலேஜுக்குப் போகுமுன் பத்து ஊசியில் நூல் கோர்த்துப் சின்னப் பஞ்சுத் திண்டில் குத்தி வைத்துவிட்டுப் போகிறாள். பத்தும் தீர்ந்தால் அன்றைக்கு வேலை முடிந்தது. கொக்கி வைக்கிற ரவிக்கை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பாவாடையும் தலையணை உறையும் தைக்கிறாள். அளவு கொடுத்தவர்கள் பாதிப் பேர் திண்டிவனத்துக்குப் போய்விட்டார்கள். எதிர்வீட்டுக்காரி திருநீறு கேட்டு வருவதில்லை. குழம்பு கொடுத்தனுப்புகிறாள்.

என்னைப் பார்த்துப் பேசும்போது இப்போது அவள் என் காதைப் பார்க்கிறாள். காதைப் பார்த்தால்தான் முகம் ஓரத்தில் தெரிகிறதாம். முதலில் எனக்குப் புரியவில்லை, என்மேல் உள்ள கோபத்தில் முகத்தைத் திருப்புகிறாள் என்று நினைத்தேன். "காதுல இன்னா பாக்குற?" என்று கேட்டுவிட்டேன். "கடுக்கன் போட்டா நல்லாருக்குமான்னு பாக்குறேன்" என்றாள். சிரித்தாள். நான் கொல்லைப் பக்கம் போய் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கிற சாக்கில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

அம்மா இப்படிச் செய்துவிட்டாளே என்று ஊரில் சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. அம்மா பாட்டுக்குக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செங்கல்லை வைத்தது நான். சாமி காரியத்தில் எதுவும் சுடாது என்று நினைத்தது பக்தி இல்லை என்பது இப்போது தெரிகிறது. அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை.

இந்த ஆடியில் லைட்டு வேறு ஒருவர் உபயம். லேசர் வேண்டாம் என்று கோயில் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். "ஒரு வூட்டுல பட்டதுக்கு ஊரையே இருட்டுல வுடச் சொல்றியா?" என்றார் ஒருவர். இன்னொருவர், "போன வருசம் சுடாதுன்ன, இந்த வருசம் சுடுங்கற. எதத்தான்யா நம்பறது?" என்றார். சிரித்தார்கள். போன வருஷம் சிரித்த அதே ஆட்கள்தான். அதில் தப்பு சொல்ல எனக்கு வாய் இல்லை.

ஆனால் மூன்று மணிக்கே போய்ப் புது லைட்டுக்காரர் பக்கத்தில் நின்றுகொண்டேன். நடந்ததைச் சொன்னேன். எல்லாக் கோடும் தலைக்கு ரொம்ப மேலே போக வேண்டும், கண்ணாடி எடுக்கிறபோது அணைத்துவிட வேண்டும் என்று கையைப் பிடித்துக் கேட்டேன். முன்காலுக்கு அடியில் செங்கல் வைத்துப் பெட்டியை மேலே தூக்கினோம். அதே மடப்பள்ளிச் சுவர் ஓரத்துச் செங்கல்தான்.

அணைக்கிறேன் என்றுதான் அவர் சொன்னார். ஆனாலும் பூசாரி கண்ணாடியைக் கையில் எடுத்ததும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி, முதல் வரிசையில் நின்ற என் வீட்டுக்காரிக்கு எதிரே போய், கண்ணாடியை மறைத்து நின்றேன். அம்மனுக்கு முதுகு காட்டி நின்றேன். பிறந்ததிலிருந்து நான் செய்யாத காரியம். "யோவ், திரும்பு!" என்று யாரோ கத்தினார்கள்.

அவள் என் மார்பில் கையை வைத்தாள். தள்ளவில்லை, வைத்தாள்.

"நவுருங்க. நேரா எனக்கு ஒண்ணும் தெரியப் போறதில்ல. நீங்க நின்னா ஓரத்துல தெரியறதும் போயிடும்."

நகர்ந்தேன். லேசர் அணைந்திருந்தது. வெறும் குண்டு பல்புகளும் கற்பூரமும்தான். கண்ணாடி எங்கள் பக்கம் திரும்பியது. கூட்டம் முழுக்க அம்மனையும் கண்ணாடியையும் பார்த்தது. அவள் மட்டும் கழுத்தைத் திருப்பி, கைகூப்பி, வாசல் தூணில் தொங்குகிற மணியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா இங்க இருக்கா, நீ இன்னாடி அங்கப் பாக்குற?" என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி.

"அங்கப் பாத்தாதான்க்கா இங்கத் தெரியுது."

மூக்குத்தி தெரிகிறதா என்று நான் கேட்கவில்லை. அவள் சிமிட்டாமல் மணியைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். கண்ணாடி திரும்பிப் போகிற வரைக்கும் நான் அம்மனைப் பார்க்கவே இல்லை.